காஞ்சியில் தர்மம்... ஜப்பானில் தருமா!

காஞ்சிபுரத்தில் ஒரு நாள் முழுக்கச் சுற்றுகிறவர் காதில் ஒரு சொல் விழாமல் இருக்காது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைத் தாண்டுவதற்குள் ‘அம்மா, தர்மம் பண்ணுங்க’ என்று ஒரு கை நீளும். அங்கே தர்மம் என்றால் சில்லறை.

கோயிலுக்குள் போனால் அதே சொல் வேறு வேஷம் போடும். காசு கொடுக்காமல் நிற்கிற வரிசை, தர்ம தரிசனம். 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் காட்சி தந்தபோது, அப்படிக் காசில்லா வரிசையில் லட்சக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். கோயிலை நிர்வகிப்பவர் தர்மகர்த்தா. அங்கே தர்மம் என்றால் பொறுப்பு.

பட்டுக்கடைக்குப் போனால் இன்னொன்று. கடைக்காரர் சளைக்காமல் ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டிருப்பார். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. எழுந்து போகவும் மனசில்லை, வாங்கவும் மனசில்லை. அதற்குப் பெயர் தர்மசங்கடம். ‘பாதி விலைக்குத் தருவீங்களா?’ என்று துணிந்து கேட்டால், ‘அதுக்கு தர்மத்துக்கே கொடுத்துடலாமே’ என்று பதில் வரும். பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் அடித்து மாட்டிக்கொண்டவனுக்கு விழுவது தர்ம அடி. போகிற வருகிற எல்லோரும் ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுப்பதால் அந்தப் பெயர்.

ஊருக்கு வெளியே வந்தால், தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் தர்மராஜா கோயில்கள் நிறைய. அங்கே பாரதக் கூத்து நடக்கும், தீமிதி நடக்கும். அந்தத் தர்மராஜா பாண்டவர்களில் மூத்தவர். ஆனால் எமனுக்கும் தர்மராஜா என்றுதான் பெயர். ஒருவர் பொய் சொல்லாதவர். இன்னொருவர் யாரையும் விட்டுவைக்காதவர்.

பிச்சை, இலவசம், பொறுப்பு, நியாயம், அடி, எமன். இத்தனையையும் ஒரே சொல் சுமக்கிறது. ‘தாங்குவது’ என்ற பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல் அல்லவா? அதனால் தாங்குகிறது.

இதே சொல் இங்கிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஜப்பானில் இருக்கிறது. அங்கே அதற்கு அர்த்தம், கையும் காலும் இல்லாத ஒரு சிவப்புப் பொம்மை! பெயர், தருமா. அந்தப் பொம்மையை வீட்டில் வைத்திருக்கிற ஜப்பானியரிடம் இதன் ஊர் எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பதில்: தென்னிந்தியா. இன்னும் விவரமானவர்கள் ஊர்ப்பெயரையே சொல்வார்கள்: காஞ்சிபுரம்.

சொல் போன வழி

தருமா என்பது ஒரு மனிதரின் பெயர். போதிதர்மர். கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி இந்தியாவிலிருந்து சீனா போனவர், தியான வழியை அங்கே விதைத்தவர் என்று பௌத்த மரபு சொல்கிறது. வடமொழியில் தியானம். சீனாவில் அது ‘சான்’. ஜப்பானில் ‘ஜென்’. அந்த ஜென் பௌத்தத்துக்கு முதல் குரு இவர்.

சீனர்கள் அவர் பெயரைத் தங்கள் எழுத்துகளில் ஒலிபெயர்த்தார்கள். இன்றைய சீன உச்சரிப்பில் அவர் ‘தாமோ’. அதே எழுத்துகளை ஜப்பானியர்கள் வாசித்தபோது ‘தருமா’ ஆனது. ‘போதி’ பேச்சுவழக்கில் உதிர்ந்துபோக, பின்பாதி மட்டும் தங்கிவிட்டது.

இதில் தமிழர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ர்ம’ என்று இரண்டு மெய்கள் நெருக்கி நிற்பது தமிழ் நாக்குக்கும் அவ்வளவு இஷ்டமில்லை. அதனால்தான் பழந்தமிழில் நடுவே ஓர் உகரம் போட்டு ‘தருமம்’ என்று எழுதினார்கள். ஜப்பானிய மொழியிலும் அப்படி மெய்கள் நெருக்கி நிற்க இடமில்லை. சொல் சீனா வழியாகச் சுற்றிக்கொண்டு போனாலும், அங்கேயும் நடுவே ஓர் உகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே தருமர், அங்கே தருமா.

அவர் காஞ்சிக்காரரா?

2011இல் வெளியான ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சூர்யா காஞ்சியின் பல்லவ இளவரசராக வந்து சீனா போன காட்சிகளோடு கேள்வி முடிந்துவிட்டது. ஆனால் பழைய ஏடுகள் சொல்வது அவ்வளவு நேராக இல்லை.

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547இல் எழுதப்பட்ட ஒரு சீன நூலில் இருக்கிறது. லோயாங் நகரத்து பௌத்த மடாலயங்களைப் பற்றிய நூல் அது. அங்கே ஒரு பெரிய கோயிலின் அழகைப் பார்த்து வியந்து நின்ற வெளிநாட்டுத் துறவியாக அவர் வருகிறார். தனக்கு வயது 150 என்கிறார். ஊர்? பாரசீகம் என்று எழுதியிருக்கிறது.

அவருடைய சீடர் பரம்பரையில் வந்த தான்லின் எழுதிய முன்னுரை வேறு மாதிரி சொல்கிறது. அவர் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசரின் மூன்றாவது மகன். 645இல் தாவோசுவான் என்ற துறவி எழுதிய வரலாற்றிலும் அவர் தென்னிந்தியர்தான். ஆனால் அரச குலம் அல்ல, அந்தணர் குலம் என்கிறார்.

1004இல் தொகுக்கப்பட்ட ஜென் குருமார் வரலாற்றில் அந்த அரசருக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. சீன உச்சரிப்பில் ‘சியாங்சி’. ஜப்பானிய உச்சரிப்பில் ‘கோஷி’. இது ‘காஞ்சி’ என்பதன் ஒலிபெயர்ப்பாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். காஞ்சியோடு அவரை இணைக்கும் கயிறு இதுதான். போதிதர்மர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இந்தக் குறிப்புக்கும் இடையே ஏறக்குறைய 500 ஆண்டுகள்!

காஞ்சியிலேயே சாட்சி தேடினால்? வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர்களின் வரலாறு சிற்பங்களாக ஓடுகிறது. முடிசூட்டு விழா, போர், யானை, தூதுவர் எல்லாம் உண்டு. வாரிசு இல்லாமல் போனபோது காஞ்சியின் பெரியவர்கள் பயணம் போய் இரணியவர்மனிடம் ஒரு மகனைக் கேட்ட கதை அங்கே இருக்கிறது. மூத்தவர்கள் மூவரும் மறுக்க, நான்காவது மகன் ‘நான் வருகிறேன்’ என்கிறான். அப்போது அவனுக்கு வயது 12. அவன்தான் பிற்பாடு இரண்டாம் நந்திவர்மன் என்று புகழ்பெற்ற பல்லவமல்லன். அந்தச் சுவரில் சிங்காசனம் வேண்டாம் என்ற இளவரசர்கள் உண்டு. ஆனால் காவி கட்டிச் சீனாவுக்குக் கப்பல் ஏறிய இளவரசர் ஒருவர் இல்லை.

ஆக, சத்தியம் செய்து சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ‘இருக்கவே முடியாது’ என்று தள்ளவும் முடியாது. காரணம், அந்தக் காலத்துக் காஞ்சி.

புத்தர் இருந்த ஊர்

இன்றைக்குக் காஞ்சி என்றால் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி. திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்களைச் சேர்த்துக்கொண்டால் ஜைனகாஞ்சி. ஒரு காலத்தில் பௌத்த காஞ்சியும் இருந்தது.

640ஐ ஒட்டிச் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இந்த ஊரைப் பற்றி எழுதிய குறிப்பு கணக்கோடு இருக்கிறது. சுமார் 100 பௌத்த மடாலயங்கள், 10,000 துறவிகள். இந்துக் கோயில்கள் 80. சமணர்களும் ஏராளம். நாலந்தா பல்கலைக்கழகத்தில் கோலோச்சிய தர்மபாலர் பிறந்த ஊர் இது என்றும் எழுதியிருக்கிறார். அவர் பெயரிலும் அதே சொல்!

அதே 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகம் நடப்பது காஞ்சித் தெருக்களில். ஒரு வணிகர் வீட்டில் வயிறு நிறைய விருந்துப் பிச்சை கிடைத்த மகிழ்ச்சியில் நடந்துவரும் பௌத்த பிக்கு அதில் ஒரு முக்கியப் பாத்திரம். பிக்குகளைத் தெருவில் தினமும் பார்க்கிற ஊரில்தான் அந்தக் கிண்டலுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

சீனாவுக்குக் கடல்வழியும் திறந்திருந்தது. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவர், 720இல் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பியதைச் சீன அரசுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இங்கிருந்து ஒரு துறவி அந்தக் கப்பல் வழியில் போயிருந்தால் அது அதிசயம் இல்லை.

அந்தக் காஞ்சியின் மிச்சம் இன்றும் கிடைக்கிறது. காமாட்சியம்மன் கோயிலில் இருந்த, நின்ற கோலத்துப் பெரிய புத்தர் சிலை இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலில் புத்தர் சிலைகள் உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் வெளிமதில் ஓரமாக நிதானமாக நடந்தால், கல்லோடு கல்லாகச் சின்ன புத்த உருவங்கள் உட்கார்ந்திருப்பது தெரியும். மடாலயம் போனபின் அதன் கற்கள் வேறு வேலைக்கு வந்திருக்கின்றன.

கை, கால் எங்கே போயின?

சீனாவில் போதிதர்மரைப் பற்றி வளர்ந்த கதைகளில் பெரியது, ஷாவோலின் பக்கத்துக் குகையில் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்த கதை. அசையாமல் உட்கார்ந்ததில் கையும் காலும் சூம்பிப்போயின என்று பிற்காலத்தில் சேர்த்தார்கள். இடையில் தூக்கம் வந்ததாம். கோபத்தில் கண் இமைகளை அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் முளைத்ததுதான் தேயிலைச் செடி என்று இன்னொரு கதை. நாட்டுப்புறக் கதைதான். ஆனால் ராத்திரி கண்விழித்துப் படிக்கிற பிள்ளைக்கு டீ போட்டுக் கொடுக்கும் எந்த அம்மாவுக்கும் அதன் நியாயம் புரியும்.

கை இல்லை, கால் இல்லை, இமை இல்லை. மிச்சம், முக்காடு போட்ட ஓர் உருண்டை உடம்பும் முறைக்கும் கண்களும். ஜப்பானில் ஏற்கெனவே, சாய்த்தால் எழுந்து நிற்கும் ஒரு பொம்மை இருந்தது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு உறவு. அடிப்பாகம் கனமாக இருக்கும். தள்ளிவிட்டால் ஆடி ஆடிப் பழையபடி நிமிர்ந்துவிடும். அந்தப் பொம்மையும் இந்தத் துறவியும் ஒன்று சேர்ந்ததுதான் தருமா.

டோக்கியோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் தாகாசாகி என்ற ஊர். அங்கே 1697இல் உருவான ஷோரின்சான் தருமா கோயில் இருக்கிறது. ‘ஷோரின்’ என்பது ‘ஷாவோலின்’ என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு. 1780களில் கடும் பஞ்சம் வந்தபோது, பிழைப்புக்கு வழியில்லாத விவசாயிகளுக்கு அந்தக் கோயிலின் துறவி ஒருவர் மரஅச்சு செய்துகொடுத்து, காகிதக் கூழில் தருமா செய்யக் கற்றுக்கொடுத்தார் என்கிறது ஊர் வரலாறு. இன்றைக்கு ஜப்பானில் விற்கும் தருமாக்களில் சுமார் 80 சதவிகிதம் தாகாசாகியில் செய்யப்படுபவை. காஞ்சிக்குப் பட்டுபோல, அந்த ஊருக்குத் தருமா.

சிவப்பு, துறவியின் அங்கி நிறம். அம்மை நோயை விரட்டும் நிறம் என்ற நம்பிக்கையும் அந்தக் காலத்தில் இருந்தது. தாகாசாகி தருமாவின் புருவம் கொக்கு வடிவம், மீசை தாடி ஆமை வடிவம். இரண்டும் நீண்ட ஆயுளுக்கு அடையாளம்.

கடையில் வாங்கும்போது கண் இரண்டும் வெள்ளையாக இருக்கும். மனசில் ஒரு வேண்டுதலை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்பு மை இட வேண்டும். பொம்மையின் இடக்கண் முதலில் என்பது பரவலான வழக்கம். காரியம் முடிந்ததும் இரண்டாவது கண். பரீட்சை எழுதும் மாணவர், கடை திறப்பவர், தேர்தலில் நிற்பவர் எல்லோரும் வாங்குகிறார்கள். வருட முடிவில் பழைய தருமாவைக் கோயிலில் ஒப்படைத்தால், நன்றி சொல்லி நெருப்பில் இடுவார்கள். பிறகு புதிது வாங்குவார்கள்.

‘ஏழு முறை விழு, எட்டாவது முறை எழு’ என்ற பொருளில் ஜப்பானியர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். அதற்குப் பக்கத்தில் எப்போதும் தருமா படம்தான் இருக்கும்.

பனி, அடுப்பு, தவளை... எல்லாம் தருமா!

பொம்மையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உருண்டையாக, குள்ளமாக, சிவப்பாக எது இருந்தாலும் அதற்குத் தருமா என்று பெயர் வைக்க ஆரம்பித்தார்கள் ஜப்பானியர்கள்.

குளிர்காலத்தில் குழந்தைகள் பனியை உருட்டிச் செய்யும் மனித உருவம், ‘யுகி தருமா’. யுகி என்றால் பனி. பனி உருண்டை உருள உருளப் பெருப்பதால், வட்டிமேல் வட்டி ஏறும் கடனையும் ‘யுகி தருமா போல வளருது’ என்பார்கள். இங்கே வட்டி குட்டி போடும், அங்கே உருளும்.

பழைய பள்ளிக்கூடங்களில் இருந்த வயிறு பெருத்த இரும்புக் கணப்பு அடுப்பு, தருமா அடுப்பு. சரக்கு ஏற்றும் அகலமான படகு, தருமா படகு. கடலில் சூரியன் மறையும்போது, தண்ணீரில் தெரியும் பிம்பம் மேலே ஒட்டிக்கொண்டு சில நேரம் குடுவைபோலத் தெரியும். அது தருமா சூரியன். கால் குட்டையான ஒரு தவளை, தருமா தவளை. முக்காடு போட்ட துறவி தியானத்தில் இருப்பதுபோல் மடலுக்குள் பூக்கும் ஒரு செடிக்கும் தருமா பெயர். பருமனான கறுப்பு பாட்டிலில் வரும் ஒரு விஸ்கிக்கும் செல்லப்பெயர் அதுவே. துறவி பார்த்தால் என்ன சொல்வாரோ!

ஒரு பிரதமரும் தருமா ஆனார். 1921-22இல் ஜப்பானின் பிரதமராகவும், பலமுறை நிதியமைச்சராகவும் இருந்த தகஹாஷி கொரெகியோவுக்கு உருண்டை முகம், உருண்டை உடம்பு. மக்கள் அன்போடு ‘தருமா’ என்றே அழைத்தார்கள். 1936இல் ராணுவக் கிளர்ச்சியாளர்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

குழந்தைகள் விளையாட்டிலும் அவர் உண்டு. நம் ஊர் ‘ஸ்டாச்சு’ போல ஓர் ஆட்டம். ஒரு பிள்ளை திரும்பி நின்று ‘தருமா சான் கா கொரொந்தா’ என்று சொல்லி முடித்துச் சட்டென்று திரும்பும். அப்போது அசைந்தவர் அவுட். ‘தருமரு விழுந்துட்டாரு’ என்று அர்த்தம். ஜப்பானிய அசைக்கணக்கில் சரியாகப் பத்து. பத்து எண்ணுவதற்குப் பதில் இதைச் சொல்கிறார்கள். ‘ஸ்க்விட் கேம்’ தொடரின் முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கொரியக் குழந்தைகள் அதே ஆட்டத்தை வேறு வாசகத்தோடு ஆடுகிறார்கள்.

எல்லாம் சிரிப்பல்ல. உடம்பெல்லாம் தீப்பிடித்து எரிகிறவரை ‘நெருப்புத் தருமா’ என்பது அங்கே வழக்கு. கை, கால் இழந்தவர்களைத் தருமா என்று சொல்வதும் இருந்தது. இன்று அது புண்படுத்தும் பேச்சு. இரண்டு கண்ணும் இருந்தால்தான் முழுமை என்ற எண்ணத்தை வளர்க்கிறதே என்று, தேர்தல் வெற்றியில் தருமாவுக்குக் கண் எழுதும் வழக்கத்தைப் பார்வையற்றோர் தரப்பில் ஆட்சேபித்ததும் உண்டு. இங்கே தர்மத்தோடு அடி ஒட்டிக்கொண்ட மாதிரி, அங்கேயும் நல்ல சொல்லோடு சில வலிகள் ஒட்டியிருக்கின்றன.

தர்மம் தலை காக்கும்

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வதுதான் கோர்வை. இந்தச் சொல்லையும் அப்படி வைத்துப் பார்க்கலாம். ஜப்பான் எடுத்துக்கொண்டது ஆளை. அவருடைய உருவத்தை, விழுந்தால் எழுகிற பிடிவாதத்தை. தமிழ்நாடு வைத்துக்கொண்டது செயலை. கொடுப்பதை, சோறு போடுவதை, காசு வாங்காமல் செய்வதை. ‘தர்மம் தலை காக்கும்’ என்பது இங்கே பழமொழி. அங்கே தர்மத்தின் பெயரில் நிஜமாகவே தலைதான் மிஞ்சியிருக்கிறது.

இரண்டு நிறமும் கோர்வையாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானின் பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோகி’, ராஜசிம்மர் சீனாவுக்குத் தூது அனுப்பிய அதே 720இல்தான் எழுதி முடிக்கப்பட்டது. அதில் 613ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று வருகிறது. ஷோதோகு என்ற இளவரசர் கதவோகா என்ற இடம் வழியாகப் போகிறார். வழியோரத்தில் பசியில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். இளவரசர் அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கிறார். தன் மேலாடையைக் கழற்றிப் போர்த்துகிறார். மறுநாள் ஆள் அனுப்பினால், அவர் இறந்துவிட்டார். முறைப்படி அடக்கம் நடக்கிறது. சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உடல் இல்லை. போர்த்திய ஆடை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பசித்த மனிதர் தருமாதான் என்று பின்னாளில் ஜப்பானியர்கள் நம்பினார்கள். நாரா பகுதியில் ஓஜி என்ற ஊரில் அவருக்குக் கோயிலும் எழுந்தது. போதிதர்மர் ஜப்பான் போனதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. ஆனால் அவர் தங்கள் நாட்டுக்கு வந்ததாகக் கதை சொன்ன ஜப்பானியர்கள், அவரை அரசவைக்கு அழைத்து வரவில்லை. பசித்தவராக, வழிப்போக்கராக, ஒரு கவளம் சோற்றுக்கும் ஒரு துணிக்கும் காத்திருப்பவராகக் கொண்டுவந்தார்கள்.

அந்த இளவரசர் செய்த காரியத்துக்குக் காஞ்சியில் ஒரே பெயர்தான்: தர்மம்.

இதைக் காஞ்சி எப்போதோ சொல்லிவிட்டது. ‘மணிமேகலை’ காப்பியத்தில் கதாநாயகி அமுதசுரபியோடு வந்து பசிப்பிணி தீர்க்கும் ஊர் காஞ்சி. எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் இருப்பிடமும் தருவதே அறம் என்று விளக்கம் சொல்வதும் அதே காப்பியம்தான். பௌத்தம் இந்த ஊரை விட்டுப் போன பிறகும் அந்த விளக்கம் போகவில்லை. இரண்டு நாழி நெல்லை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு அறங்களைச் செய்தவள் காமாட்சி என்று ஊர் சொல்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது விட்டுச்சென்ற தர்மச் சொத்து பிற்காலத்தில் பள்ளிகளாக, கல்லூரிகளாக ஆனது. காஞ்சியிலும் அவர் பெயரில் கல்லூரி நடக்கிறது. புத்தர் சிலை அருங்காட்சியகம் போனாலும், சொல் கோயில் வாசலிலேயே இருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு

தருமாவின் ஊரைப் பார்க்க இன்று ஜப்பானியர்கள் வெகுதூரம் வர வேண்டியதில்லை. சென்னையிலிருந்து காஞ்சி சுமார் 75 கிலோமீட்டர். 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலை திறந்த ஒரகடம் இதே மாவட்டம்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும்.

காலையில் கைலாசநாதர் கோயில். சீனாவுக்குத் தூது அனுப்பியவரின் கைவேலை அது. வெயில் ஏறுமுன் மணற்கல் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம். அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பச் சுவர். பிறகு ஏகாம்பரநாதர் கோயில் மதில் ஓரம் ஒரு நடை, கருக்கினில் அமர்ந்தவள் கோயில், காமாட்சியம்மன் கோயில். பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். அந்த நேரத்துக்கு நெசவாளர் தெரு இருக்கிறது. திரும்பும்போது இன்னொரு நாள் ஒதுக்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தப் பெரிய புத்தரையும் பார்த்துவிட்டால் பயணம் முழுமை.

2025 ஆகஸ்ட்டில் ஜப்பான் போன பிரதமர் மோடிக்கு, தாகாசாகி தருமா கோயிலின் தலைமைத் துறவி ஒரு தருமா பொம்மையைப் பரிசளித்தார். அப்போது வெளியான செய்திகளில் காஞ்சிபுரத்தின் பெயரும் அடிபட்டது. ஊர்க்காரர்களுக்குப் பெருமைதான். பெருமைப்படுவதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பொம்மையே ஓர் ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிறது. காரியம் கைகூடும்வரை இரண்டாவது கண்ணுக்கு மை இடக்கூடாது.

போதிதர்மர் காஞ்சிக்காரர் என்பதற்கு மரபு ஒரு கண் எழுதிவிட்டது. கல்வெட்டோ, செப்பேடோ, இன்னும் மண்ணுக்கடியில் இருக்கும் ஏதாவது ஒரு சான்றோ கிடைக்கும்போது மற்றதை எழுதிக்கொள்ளலாம். அதுவரை காஞ்சி வெள்ளைக் கண்ணோடு காத்திருக்கலாம்.